எட்டு வாசல் போய் இரண்டு வாசல்: ஃபுளோரன்ஸ் மாளிகைகளும் தெருவும்

ஜொவான்னி ருச்செல்லாய் ஃபுளோரன்ஸ் நகரத்துக் கம்பளி வணிகர். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிள்ளைகளுக்காக எழுதிவந்த குறிப்பேட்டில், எட்டு வீடுகளை ஒரே வீடாக்கினேன் என்று பெருமையோடு பதிந்திருக்கிறார். ‘சிபால்தோனே’ என்று அழைக்கப்படும் அந்தக் குறிப்பேட்டில் இன்னொரு ஒப்புதலும் உண்டு: சம்பாதித்ததைவிடச் செலவழித்ததில்தான், அதிலும் வீடு கட்டியதில்தான், மனநிறைவு அதிகம் என்கிறார். எட்டு வீடு என்றால் குறைந்தது எட்டு வாசல். வீஞ்ஞா நுவோவா என்ற அந்தத் தெருவில் நடந்துபோனவர்கள் எட்டுக் குடும்பங்களின் கதவுகளைக் கடந்து போயிருப்பார்கள். பிறகு அவர்களுக்கு மிஞ்சியது நீண்ட ஒரு முகப்பும் அதில் மூடித் திறக்கும் இரண்டு வாசல்களும்தான்.

மறுமலர்ச்சிக் கால மாளிகைகளைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் முகப்பின் அழகைப் பேசும்; எந்தத் தூண் எந்த ரோமானியக் கட்டடத்திலிருந்து வந்தது, எந்தச் சாளரம் யார் கைவண்ணம் என்று பட்டியலிடும். இக்கட்டுரைக்கு வேண்டியது வேறு. இந்த மாளிகைகள் தெருவை என்ன செய்தன? ‘பலாட்சோ’ என்று இத்தாலியர் சொல்லும் இந்தப் பெரிய வீடு ஊரிலிருந்து ஒதுங்கிக்கொண்ட குடும்பத்தின் கோட்டையா, ஊரைத் தன் வாசலுக்கு வரவழைத்த சபையா?

இதுவரை சொல்லப்பட்டவை

முதல் பதிலை வலுவாக முன்வைத்தவர் அமெரிக்கப் பொருளாதார வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் கோல்ட்த்வெய்ட். இடைக்கால ஃபுளோரன்ஸில் ஒரு குலத்தைச் சேர்ந்தவர்கள் ஒரே தெருவில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக ஒரு கோபுரம் இருந்தது, கூடிப் பேச ஒரு தூண் மண்டபம் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் செல்வந்தர் ஒவ்வொருவரும் இந்தக் குலக்கூட்டிலிருந்து பிரிந்து தனக்கென ஒரு மாளிகை எழுப்பிக்கொண்டார். அது தனிக்குடும்பத்தின் எழுச்சி, அந்தரங்கத்தின் பிறப்பு என்பது 1968இலும் 1972இலும் அவர் வெளியிட்ட ஆய்வுகளின் சாரம். ஒரு குடும்பத்துக்குத் தேவையே இல்லாத அளவு இடத்தை வளைத்துக் கட்டினார்கள், ஆனால் அந்த இடத்தில் வாழ்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சுட்டுகிறார்.

ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் எஃப். டபிள்யூ. கென்ட் இதை ஏற்கவில்லை. ருச்செல்லாய், கப்போனி, ஜினோரி ஆகிய மூன்று குலங்களின் ஆவணங்களைக் கொண்டு 1977இல் அவர் எழுதிய நூல், குலப்பற்று அப்படியொன்றும் கரைந்துவிடவில்லை என்று காட்டியது. பேரன் பேத்தியோடு மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததற்கும், பங்காளிகள் பக்கத்துப் பக்கத்து வீடுகளை விடாமல் பிடித்துவைத்திருந்ததற்கும், மாளிகை கட்டியவரையே தங்கள் பெருமையாகக் குலத்தார் கொண்டாடியதற்கும் அவர் சான்று தருகிறார்.

இருவர் பக்கமும் ஆவணம் இருக்கிறது. இருவரும் குடும்பத்துக்குள் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணுகிறார்கள். கட்டடத்தையே சாட்சியாகக் கூண்டில் ஏற்றினால் அது வேறொன்றைச் சொல்கிறது என்பது என் எண்ணம். வெளியாட்களை இந்த மாளிகை விலக்கவில்லை, வரிசைப்படுத்தியது. யார் தெருவோடு நிற்பது, யார் முற்றம்வரை வருவது, யார் படுக்கையறைவரை போவது என்று பிரித்துவைக்கும் வேலையைக் கல்லிடம் ஒப்படைத்தார்கள்.

கடை மூடிய கீழ்த்தளம்

பதினான்காம் நூற்றாண்டு வணிகரின் வீடு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளப் பலாட்சோ தவான்சாத்தி உதவும். தாவிட்சி குடும்பம் கட்டிய அந்த ஒடுங்கி உயர்ந்த வீடு, 1578இல் தவான்சாத்திகள் கைக்குப் போனது, இன்று அருங்காட்சியகம். தெருவைப் பார்த்த கீழ்த்தளம் முழுக்க மூன்று பெரிய வளைவுகள். அங்கேதான் வியாபாரம். தொழில் கீழே, குடித்தனம் மேலே. ஒரே கிணற்றிலிருந்து ஒவ்வொரு மாடியிலும் நீர் இறைத்துக்கொள்ளும்படி சுவருக்குள் குழிவழி விட்டிருக்கிறார்கள். விலைபேச வந்த எவரும் வீட்டின் அடிவயிற்றுக்குள் நுழைந்துவிடலாம்.

புதிய மாளிகைகளில் இந்த வளைவுகள் மறைந்தன. கீழ்த்தளச் சுவரில் ஆளுயரத்துக்கும் மேலே சின்னச் சின்னச் சதுரச் சாளரங்கள், அவற்றுக்கு இரும்புக் கம்பி, நடுவில் வாசல். அவ்வளவுதான். கடை வாடகை என்ற நிலையான வருமானத்தை வணிகர்களே உதறினார்கள் என்பது சாதாரண விஷயமில்லை. 1427இல் ஃபுளோரன்ஸ் அரசு கொண்டுவந்த ‘கதாஸ்தோ’ சொத்துவரிக் கணக்கெடுப்பில், குடியிருக்கும் வீட்டுக்கு வரி கிடையாது. வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் கடைக்கும் உண்டு. ஆகவே வாடகை வீடுகளை வாங்கி இடித்து மாளிகைக்குள் சேர்த்துக்கொள்பவர் வருமானத்தை இழக்கிறார், வரியிலிருந்தும் தப்புகிறார். இழப்பு வரிச்சலுகையைவிடப் பெரிது என்று கணக்குத் தெரிந்த இந்த வங்கிக்காரர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அப்படியும் செய்தார்கள் என்றால் வேறு ஏதோ ஒன்றை வாங்கினார்கள்.

கரட்டுக் கல்லின் பேச்சு

மெதிச்சி மாளிகையிலிருந்து தொடங்குவதே முறை. பின்னால் வந்தவை எல்லாம் அதைப் பார்த்தோ அதை மறுத்தோ எழுந்தவை. நகரத்தின் நடைமுறைத் தலைவராக இருந்த கொசிமோ தெ மெதிச்சி, 1433இல் நாடு கடத்தப்பட்டு மறு ஆண்டே திரும்பியவர். சுமார் பத்து ஆண்டு கழித்து, 1444 வாக்கில், லார்கா தெருவில் கட்டுமானத்தைத் தொடங்கினார். கட்டடக் கலைஞர் மிக்கெலோட்சோ. முதலில் புருனெல்லெஸ்கி ஒரு மாதிரி செய்துகொடுத்ததாகவும், அது ஆடம்பரம் மிகுந்தது, ஊராரின் பொறாமையைக் கிளப்பும் என்று கொசிமோ ஒதுக்கியதாகவும், கோபத்தில் புருனெல்லெஸ்கி அதைச் சுக்குநூறாக உடைத்ததாகவும் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொல்கிறார். வசாரியின் நூல் 1550இல் வந்தது. சம்பவத்துக்கும் எழுத்துக்கும் இடையே நூறாண்டு. கதையை அப்படியே நம்பவேண்டியதில்லை. அந்த நூறாண்டில் ஃபுளோரன்ஸ்காரர்கள் இந்த மாளிகையை அடக்கத்தின் சின்னமாக நினைவுகூர விரும்பினார்கள் என்பதை மட்டும் அது காட்டுகிறது. கட்டடத்தின் முன்னால் நிற்பவருக்கு அடக்கம் என்ற சொல் எளிதில் வராது.

மூன்று தளம். கீழ்த்தளத்தில் மலையிலிருந்து பெயர்த்தெடுத்த கோலத்திலேயே புடைத்து நிற்கும் கரட்டுக் கற்கள். நடுத்தளத்தில் கற்கள் தட்டையாகி, இணைப்புகள் மட்டும் ஆழமான கோடுகளாகத் தெரிகின்றன. மேல்தளம் வழவழப்பான சுவர். தளத்தின் உயரமும் மேலே போகப் போகக் குறைகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, ரோமானியக் கோயில்களைப் பார்த்துச் செய்த கனத்த கொடுங்கை தெருவின் மேல் நிழலாக நீண்டு நிற்கிறது. கல் எல்லாம் ‘பியெத்ரா ஃபோர்த்தே’ என்ற, பழுப்பேறிய மணற்கல். ஃபுளோரன்ஸின் வெளிச்சுவர்களுக்கே உரியது.

இந்தக் கரட்டுக் கல்லுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தது. 1299இல் தொடங்கிய அரசாங்க மாளிகை, இன்று பலாட்சோ வெக்கியோ, இதே புடைகல்லால் ஆனது. அது குடியரசின் கட்டடம். கரட்டுக் கல் என்றால் அதிகாரம் என்று கண்ணுக்குப் பழகிவிட்டது. அதற்கும் முன்னால், 1250இல், பிரபுக் குலங்களின் கோபுரங்களை 50 பிராச்சா, அதாவது ஏறக்குறைய 29 மீட்டர் உயரத்துக்கு வெட்டிவிடவேண்டும் என்று ஊர் ஆணையிட்டது. தனியார் வீடு எவ்வளவு உயரலாம் என்பதில் ஊருக்குச் சொல்லுரிமை உண்டு என்ற நினைவு இருநூறு ஆண்டு கழித்தும் மங்கிவிடவில்லை. ஆல்பெர்த்தி தன் கட்டடக்கலை நூலில், தனிமனிதரின் வீட்டுக்குக் கோபுரமும் கொத்தளமும் கூடாது, அவை கொடுங்கோலனின் கோட்டைக்கு உரியவை என்கிறார். கொசிமோ கோபுரம் எழுப்பவில்லை. அரசாங்க மாளிகையின் கல்லைக் கீழ்த்தளத்தில் மட்டும் பதித்து, மேலே போகப் போக அதை மழுக்கிவிட்டார். அரசியலில் அவர் செய்ததும் அதுவே: பதவி எதிலும் நிலைத்து உட்காராமல், ஊரின் முடிவுகளைத் தன் வீட்டில் எடுத்தார். போப் இரண்டாம் பயஸ் தன் நினைவுக் குறிப்புகளில், ஃபுளோரன்ஸின் அரசியல் விவகாரங்கள் கொசிமோவின் வீட்டில்தான் தீர்க்கப்பட்டன என்று வெளிப்படையாகவே பதிகிறார்.

ஆகையால் இந்த வீட்டை ‘அந்தரங்கத்தின் பிறப்பு’ என்று அழைப்பது எனக்குப் பொருந்தவில்லை. 1459இல் மிலான் கோமகனின் மகன் கலேயாட்சோ மரியா ஸ்ஃபோர்த்சா, பதினைந்து வயதில், நகரத்தின் விருந்தாளியாக வந்தபோது தங்கியது இங்கே. 1494இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் நகருக்குள் படையோடு நுழைந்து இறங்கியதும் இங்கே; அதற்குள் மெதிச்சிகள் ஓடிப்போயிருந்தார்கள். தூதுவர்களை வரவேற்கும் வீடு ஒதுங்கி வாழும் வீடாக இருக்க முடியாது.

ஒட்டிவைத்த முகம்

ருச்செல்லாய் மாளிகை வேறு வகை. மெதிச்சி மாளிகை புதிதாக எழுப்பியது. ருச்செல்லாயோ பழைய வீடுகளை உள்ளே வைத்துக்கொண்டு முன்னால் ஒரு முகத்தை மாட்டினார். மூன்று தளத்திலும் சுவரோடு ஒட்டிய தட்டையான அரைத்தூண்கள். கீழே டோரிய வகை, மேலே அதைவிட நுணுக்கமான போதிகைகள், உச்சியில் கொரிந்திய வகை. ரோமின் கொலோசியத்தில் தளத்துக்கொரு தூண்வகை அடுக்கப்பட்டிருக்கும் முறையின் எதிரொலி இது. ஃபுளோரன்ஸில் ஒரு வீட்டின் முகப்பை இப்படித் தூண்வரிசையால் கட்டம் போட்டுப் பிரித்தது இதுவே முதல்முறை. ஊர் அதைப் பின்பற்றவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது; அடுத்த ஐம்பது ஆண்டுகளில் எழுந்த பெரிய மாளிகைகள் கரட்டுக் கல்லுக்கே திரும்பின.

கிட்டப் போய்ப் பார்ப்பவருக்கு ஒரு வேடிக்கை புலப்படும். சுவரில் கற்களைப் பிரித்துக் காட்டும் கோடுகள் பல இடங்களில் உண்மையான இணைப்புகளோடு ஒத்துப்போவதில்லை. கற்களைப் பதித்த பிறகு, அவற்றின் மேல், கற்களின் ஒழுங்கான அடுக்கு ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். கல்லால் கல்லையே வரைந்த ஓவியம். கல்தச்சர்களின் குறும்பு அல்ல இது. முகப்பு என்பது சுவர் அல்ல, சுவரின் மேல் எழுதும் தாள் என்ற எண்ணம் இங்கே தெளிவாகவே வந்துவிட்டது.

வடிவமைத்தவர் யார்? வசாரி சொல்லி, பிறகு எல்லாரும் சொல்லும் பெயர் ஆல்பெர்த்தி. கட்டட வேலையை மேற்பார்த்தவராகப் பேசப்படுபவர் பெர்னார்தோ ரொஸ்ஸெல்லீனோ. முகப்பே ரொஸ்ஸெல்லீனோவின் சிந்தனைதான் என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. சார்ல்ஸ் மேக் அவர்களில் ஒருவர். ரொஸ்ஸெல்லீனோ பியென்சா நகரில் 1459க்குப் பிறகு போப் இரண்டாம் பயஸுக்குக் கட்டிய பிக்கொலோமினி மாளிகை இதன் உடன்பிறப்புப் போலவே இருக்கிறது. எது மூத்தது என்பதில் தேதிச் சண்டை. 1963இல் பியெரோ சன்பவோலேசி சுவரைச் சோதித்து, முகப்பு முதலில் ஐந்து பிரிவுகளோடு கட்டப்பட்டு, பிறகு ஏழாக நீட்டப்பட்டது என்று நிறுவினார். பிரெண்டா பிரேயர் ஆவணங்களைக் கொண்டு இந்தக் கட்டங்களைச் சீர்செய்தார். ஆல்பெர்த்தியா ரொஸ்ஸெல்லீனோவா என்ற கேள்வியில் எனக்கு ஆர்வம் குறைவு. முகப்பு ஆல்பெர்த்தியின் எண்ணத்துக்கு நெருக்கமானது என்பதை மறுப்பதும் கடினம். இங்கு முக்கியம் அந்த நீட்டலே.

வலது ஓரத்தில் முகப்பு முடியவில்லை. பல்லுப் பல்லாக அறுந்து நிற்கிறது. எட்டாவது பிரிவுக்குக் கற்கள் தயார் நிலையில் கை நீட்டிக் காத்திருக்கின்றன. அடுத்த வீடு கைக்கு வரவில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். முகப்பில் ருச்செல்லாயின் சின்னமான காற்று நிரம்பிய பாய்மரம் ஓடுகிறது. நற்பேற்றுத் தேவதையின் பாய்மரம் அது. கூடவே மெதிச்சிகளின் வைர மோதிரமும். இது அற்பமான அலங்காரம் இல்லை. ஜொவான்னியின் மாமனார் பல்லா ஸ்த்ரோட்சி, கொசிமோவின் எதிரி. 1434இல் நாடு கடத்தப்பட்டவர். அந்த உறவால் ஜொவான்னி நெடுங்காலம் சந்தேகத்துக்கு உரியவராகவே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார். 1461இல் அவர் மகன் பெர்னார்தோவுக்கும் கொசிமோவின் பேத்தி நன்னீனாவுக்கும் நிச்சயம் நடந்தது, 1466இல் திருமணம். சம்பந்தி வீட்டுச் சின்னத்தைச் சுவரில் பதித்தது ஊருக்குச் சொன்ன அறிவிப்பு.

அந்தக் கல்யாணம் எங்கே நடந்தது என்பதுதான் என் வாதத்துக்கு வேண்டியது. இத்தனை செலவில் எழுப்பிய மாளிகையின் உள்ளே அல்ல. மாளிகைக்கு எதிரே ஜொவான்னி ஒரு தூண் மண்டபமும் கட்டியிருந்தார், ‘லொஜ்ஜியா’ என்பார்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள முக்கோணத் திடலில் மரமேடை அமைத்து, மேலே துணிப்பந்தல் இழுத்து, தெருவிலேயே விருந்தும் நடனமும் நடத்தினார்கள். முகப்பு அன்றைக்கு மணமேடையின் பின்திரை. குலத்துக்கென்று லொஜ்ஜியா கட்டும் வழக்கம் மங்கிக்கொண்டிருந்த காலத்தில் கட்டிய கடைசி லொஜ்ஜியாக்களில் இதுவும் ஒன்று. கோல்ட்த்வெய்ட்டின் தனிக்குடும்பமும் கென்டின் குலமும் அந்தத் திடலில் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கின்றன. இன்று அந்த மண்டபத்தின் வளைவுகளுக்குக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள்.

ஸ்த்ரோட்சியின் நாடகம்

பித்தி மாளிகையை ஒரு பத்தியில் கடந்துவிடலாம். லூக்கா பித்தி 1458 வாக்கில் ஆற்றுக்குத் தென்புறம் தொடங்கியது ஏழு சாளர அகலமுள்ள கட்டடம். புருனெல்லெஸ்கி வரைந்தது என்று வசாரி சொன்னாலும் அவர் 1446இலேயே இறந்துவிட்டார். கட்டடத்துக்கு உதவிய எவருக்கும், குற்றவாளியானாலும், அங்கே அடைக்கலம் கிடைத்தது என்று ஃபுளோரன்ஸின் வரலாற்றை எழுதிய மாக்கியவெல்லி பழி சொல்கிறார். 1549-50இல் மெதிச்சிக் கோமகனின் மனைவி எலெயொனோரா அதை வாங்கிய பிறகு அது அரண்மனையாகப் பரந்து, அசல் வீடு அதன் நடுவே கரைந்துபோனது.

ஃபிலிப்போ ஸ்த்ரோட்சியின் கதை வளமானது. அவர் குடும்பமும் மெதிச்சிகளால் துரத்தப்பட்டதே. நேப்பிள்ஸில் வங்கி நடத்திப் பெரும்பொருள் சேர்த்து, 1466இல் தடை நீங்கி ஊர் திரும்பினார். பல ஆண்டுகள் நிலம் சேர்த்தார். 1489 ஆகஸ்டு 6ஆம் தேதி, சோதிடர் குறித்துக்கொடுத்த நேரத்தில், சூரியன் எழும்போது அஸ்திவாரக் கல் நாட்டினார். அந்த அதிகாலை பற்றி திரிபால்தோ தெ ரோஸ்ஸி என்ற ஊர்க்காரரின் குறிப்பு இருக்கிறது: சிறுவனான தன் மகனைத் தூக்கிப்போய், அஸ்திவாரக் குழிக்குள் ஒரு காசும் ரோஜாக் கொத்தும் போடவைத்து, இதை நீ நினைவில் வைத்திருப்பாய் அல்லவா என்று கேட்டிருக்கிறார். அடுத்தவர் வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது தன் பிள்ளையைக் கொண்டு காசு போடவைக்கும் ஒருவருக்கு அந்த வீடு அந்நியமாகப் படவில்லை.

எதிர்ப்பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்த லூக்கா லாந்தூச்சிக்கு அந்தப் பரவசம் இல்லை. அவர் நாட்குறிப்பு முழுக்கப் புழுதி. கோவேறு கழுதைகளும் கழுதைகளும் மண்ணை அள்ளிப்போவதும் சரளையைக் கொண்டுவருவதுமாகத் தெரு அடைபட்டுக்கிடந்தது. வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தால் கடைக்காரர்கள் அவதிப்பட்டார்கள். மாளிகை என்றால் ஊருக்குக் கிடைத்த கூலியும்கூட. சுண்ணாம்புக் காளவாய்க்காரர், கல்வெட்டுபவர், கொத்தர், சிற்றாள் என்று எத்தனை பேரின் அடுப்பு இதனால் எரிந்தது என்பதைக் கணக்குப் புத்தகங்களிலிருந்து எடுத்துக் காட்டியதும் கோல்ட்த்வெய்ட்தான். அந்தரங்க வாதத்தைவிட அவருடைய இந்தப் பணி நிலைத்து நிற்கும் என்று நினைக்கிறேன்.

ஃபிலிப்போவின் மகன் லொரென்ஸோ பிற்பாடு எழுதிய தந்தையின் வரலாற்றில் ஒரு காட்சி வருகிறது. நகரத்தை ஆண்ட லொரென்ஸோ தெ மெதிச்சிக்குப் பொறாமை வராமல் பெரிய மாளிகை கட்டவேண்டும். ஃபிலிப்போ ஒரு தந்திரம் செய்தாராம்: பிள்ளைகளுக்கு வருமானம் வேண்டும், அதனால் கீழ்த்தளத்தில் கடைகள் வைக்கப்போகிறேன் என்று சொல்லிவந்தார். கரட்டுக் கல்லுக்கும், அது சாதாரணக் குடிமகனுக்கு ஏற்றதல்ல என்று தயங்கினார். இப்படிப்பட்ட இடத்தில் கடையா, ஊருக்கே அசிங்கம் என்று மற்றவர்கள் வற்புறுத்த, லொரென்ஸோ தெ மெதிச்சியும் சேர்ந்து தூண்ட, மனமில்லாதவர்போல இணங்கினார். மகன் சொல்லும் கதை. தந்தையின் சாமர்த்தியத்தை ஊதிப் பெரிதாக்கும் ஆசை அதில் இருக்கும். ஆனாலும் நாடகத்தின் வசனங்களைக் கவனியுங்கள். கடை வைத்த கீழ்த்தளம் என்றால் குடிமகன். கடை இல்லாத கரட்டுக் கல் என்றால் அதற்கு மேற்பட்டவன். அந்த ஊரில் இந்த அகராதி எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் தந்திரம் பலித்தது. வாடகையை உதறி அவர்கள் எதை வாங்கினார்கள் என்பதற்கும் விடை இதில் இருக்கிறது.

ஜூலியானோ தா சங்கால்லோ செய்துகொடுத்த மரமாதிரி இன்றும் இருக்கிறது. மேலே ரோமானியப் பாணிக் கொடுங்கையையும் உள்முற்றத்தையும் உருவாக்கியவர் ‘குரொனாக்கா’ என்ற சிமோனே தெல் பொல்லாயுவோலோ. மூலைகளில் தொங்கும் இரும்பு விளக்குக்கூண்டுகளும் குதிரை கட்டும் வளையங்களும் நிக்கொலோ குரோஸ்ஸோவின் உலைப்பட்டறையில் பிறந்தவை. முன்பணம் வாங்காமல் சம்மட்டியைத் தொடமாட்டார் என்பதால் அவருக்குக் ‘கப்பார்ரா’ என்று பட்டப்பெயர். நம் சொல்லில் ‘அச்சாரம்’. ஃபிலிப்போ 1491இலேயே இறந்துவிட்டார். வேலை 1538வரை இழுத்தது. மகன்கள் இடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். குரொனாக்காவின் கொடுங்கை ஒரு பகுதியில் மட்டும் நிற்கிறது. மீதிச் சுவர் தலைப்பாகை இல்லாமல் மொட்டையாக முடிகிறது.

தெருவுக்குக் கொடுத்த கல்

இந்த மாளிகைகளின் அடியில், சுவரோடு ஒட்டி, ஒரு கல் இருக்கை ஓடுகிறது. திண்ணை என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் தோன்றவில்லை. கூரையும் தூணும் மட்டும் கிடையாது. மெதிச்சியிலும் ஸ்த்ரோட்சியிலும் உண்டு. ருச்செல்லாயில் அதன் முதுகுப்புறச் சுவரில் ரோமானியர்களின் சாய்சதுரக் கல்வலை வேலைப்பாட்டைச் செதுக்கியிருக்கிறார்கள்.

கலை வரலாற்றில் இந்தத் திண்ணைகள் நீண்ட நாள் கவனிக்கப்படவில்லை. முகப்பின் அடிவரி என்று கடந்துபோனார்கள். இவோன் எலெட் 2002இல் எழுதிய கட்டுரைதான் இவற்றைத் தனிப்பொருளாக எடுத்துக்கொண்டது. உதவி கேட்டு வந்தவர்கள் காத்துக்கிடந்தது இங்கே. ஊர்வலம் பார்த்தது இங்கே. வம்பளந்தது, சூதாடியது இங்கே. யார் வீட்டுத் திண்ணையில் எவ்வளவு கூட்டம் என்பது அவர் செல்வாக்கின் அளவுகோல். உட்கார இடம் கொடுத்ததும் உள்ளே விடாததும் ஒரே கல்லில் நடக்கின்றன. கடை வைத்த பழைய வீட்டில் காத்திருக்கத் தேவையில்லை, நேரே நுழைந்துவிடலாம். கடையை மூடிய பிறகுதான் காத்திருப்பு என்ற ஒன்று கட்டடத்தின் உறுப்பாகிறது.

உள்ளே போகப் போக

வாசலைத் தாண்டியவர் முற்றத்தில் நிற்பார். மெதிச்சி முற்றம் நான்கு பக்கமும் வட்டவளைவுத் தூண்வரிசை கொண்டது. வெளியே கல்லின் முறைப்பு, உள்ளே மெல்லிய தூண்களின் இதம். நடுவே தொனத்தெல்லோவின் வெண்கலத் தாவீது நின்றது. 1469இல் லொரென்ஸோ தெ மெதிச்சியின் திருமணத்தின்போது அது அங்கே இருந்ததை விருந்து வருணனை உறுதிசெய்கிறது. கோலியாத்தை வீழ்த்திய சிறுவன் ஃபுளோரன்ஸ் குடியரசின் உருவகம். அதைத் தன் முற்றத்தில் நிறுத்திய வீடு, உள்ளே வருபவரிடம் நகரமே இங்கேதான் இருக்கிறது என்கிறது. 1494இல் மெதிச்சிகள் துரத்தப்பட்டபோது குடியரசு முதலில் செய்தவற்றில் ஒன்று, தாவீதையும் தோட்டத்திலிருந்த யூதித் சிலையையும் அரசாங்க மாளிகைக்கு இடம்மாற்றியது. சிலைகளின் அரசியலை அவர்கள் சரியாகவே வாசித்திருந்தார்கள்.

முற்றத்துக்கு அப்பால் கூடம், அதையடுத்துப் படுக்கையறை, அதற்குள் சிற்றறை, அதற்கும் உள்ளே எழுத்தறை. பிரேயரின் ஆய்வுகள் காட்டுவதுபோல இந்த வரிசை வீட்டுக்கு வீடு திரும்ப வருகிறது. படுக்கையறை என்பதை இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. நெருங்கியவர்களை வரவேற்பதும் அங்கேதான். மெதிச்சி வீட்டில் பெனோட்சோ கொட்சோலி 1459இல் வரையத் தொடங்கிய மூவரசர் பயணம் நிறைந்த சிறு வழிபாட்டறையில் அரசியல் விருந்தினரை அழைத்துவந்து பேசியதும் உண்டு.

லொரென்ஸோ இறந்த 1492ஆம் ஆண்டு எடுத்த பொருள்பட்டியல் இந்த வரிசைக்கு விலை போட்டுக் காட்டுகிறது. கீழ்த்தளத்தில் அவர் அறையில் மாட்டியிருந்த, உச்செல்லோவின் சான் ரொமானோ போர் ஓவியங்கள் உள்ளிட்ட ஆறு பெரிய படங்களுக்குச் சேர்த்து மதிப்பு 300 ஃபுளோரின். உள்ளங்கைகளில் ஏந்தக்கூடிய ஒரு பழங்காலக் கல்கிண்ணம், இன்று ‘தாத்சா ஃபர்னேசே’ என்று நேப்பிள்ஸில் இருப்பது, 10,000 ஃபுளோரின். சுவரின் பரப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பேர் பார்க்கலாம். கிண்ணத்தைப் பார்க்கவோ, எல்லாக் கதவுகளையும் கடந்து, அதைக் கையில் எடுத்துக் காட்டும் உரிமையாளரின் பக்கத்தில் நிற்கவேண்டும்.

கொசிமோவின் முதுமையில், மகன் ஜொவான்னி 1463இல் இறந்த பிறகு, வீட்டுக்குள் தூக்கிச் செல்லப்பட்டபோது, இவ்வளவு சின்னக் குடும்பத்துக்கு இது மிகப் பெரிய வீடு என்று அவர் பெருமூச்சு விட்டதாக மாக்கியவெல்லி சொல்கிறார். கோல்ட்த்வெய்ட்டின் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் கிடைக்காது. ஆனால் அந்த இடம் குடும்பத்துக்காகக் கட்டியதே அல்ல.

மூலை மண்டபம்

மெதிச்சி மாளிகைக்கு இன்னொரு வாய் இருந்தது. லார்கா தெருவும் பக்கத் தெருவும் சந்திக்கும் மூலையில், கீழ்த்தளத்திலேயே, வளைவுகள் திறந்த ஒரு லொஜ்ஜியா. தவான்சாத்தி வீட்டின் வளைவுகளுக்கும் குல மண்டபங்களுக்கும் தூரத்து வாரிசு. வாசலைக் காக்கும் ஆளைக் கேட்காமல் ஊர் நுழையக்கூடிய ஒரே இடம் அதுதான்.

மெதிச்சிகள் 1512இல் நகரத்துக்குத் திரும்பினார்கள். மறு ஆண்டு அவர்களில் ஒருவர் போப் பத்தாம் லியோவாக ஆனார். இனி யாருடைய பொறாமைக்கும் அஞ்சவேண்டியதில்லை. 1517 வாக்கில் அந்த மூலை வளைவுகளை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். அடைத்த இடத்தில் வைத்த பெரிய சாளரங்களை வரைந்தவர் மைக்கேலாஞ்சலோ. சாளரத்தின் அடித்தட்டைத் தாங்கும் சுருள்தாங்கிகள் மண்டியிட்ட கால்கள் போலத் தோன்றுவதால் அவற்றுக்கு ‘மண்டியிட்ட சாளரங்கள்’ என்று பெயர். அந்த நூற்றாண்டு முழுக்க ஃபுளோரன்ஸ் வீடுகள் அதைப் பார்த்து எழுதின. பத்தாண்டு கழித்து, 1527இல், மெதிச்சிகள் மறுபடி விரட்டப்பட்டபோது, இந்த வீட்டையே இடித்துத் தரைமட்டமாக்கி அந்தத் திடலுக்குக் ‘கோவேறு கழுதைச் சதுக்கம்’ என்று பெயரிடலாம் என்று அதே மைக்கேலாஞ்சலோ சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உலவியது. முறைதவறிப் பிறந்த மெதிச்சிகளைக் குத்தும் பெயர் அது. அவர் அப்படிச் சொன்னாரோ இல்லையோ, அப்படிச் சொன்னார் என்று நம்ப ஊர் தயாராக இருந்தது.

வீடு இடிபடவில்லை. 1659இல் ரிக்கார்தி குடும்பம் வாங்கி, அதே கரட்டுக் கல்லிலேயே முகப்பை இன்னும் ஏழு சாளரம் நீட்டியது. எது கொசிமோவின் கல், எது ரிக்கார்தியின் கல் என்று பழக்கமில்லாத கண்ணுக்குத் தெரியாது. இப்போது உள்ளே அருங்காட்சியகமும் அரசு அலுவலகங்களும். கொட்சோலியின் அரசர்களைப் பார்க்க டிக்கெட் வாங்கவேண்டும். மைக்கேலாஞ்சலோவின் சாளரங்களுக்குக் கீழே திண்ணை அப்படியே ஓடுகிறது. அதில் உட்கார யாரும் எதுவும் கேட்பதில்லை.